கிரேக்கமா, சீனமா? தமிழ் நாக்கு எங்கே வழுக்கும்?

"கிரேக்கம், சீனம் இரண்டில் எது கடினம்? ஆர்வத்துக்காக ஒன்றைத் தொடங்கினால் எதை எடுக்கலாம்?" என்பது கேள்வி. இதற்கு வழக்கமாக ஒரு பட்டியலைத்தான் நீட்டுவார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட் தன் அலுவலர்களுக்காக வைத்திருக்கும் கணக்கு அது. கிரேக்கத்துக்கு 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். மாண்டரின் சீனத்துக்கு 88 வாரம், 2,200 மணி நேரம். ஆகவே சீனம் இரு மடங்கு கடினம் என்று முடித்துவிடுவார்கள்.

அதே பட்டியலில் கிரேக்கம் இருக்கும் பெட்டியில்தான் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் எங்கே தடுமாறுவார் என்பதற்கான அளவுகோல் அது. தமிழ் பேசி வளர்ந்தவருக்கு மேடு பள்ளங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. ஆங்கிலக்காரர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் சில விஷயங்கள் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. அவர் யோசிக்காமல் தாண்டிப்போகும் சில இடங்களில் நாம் குப்புற விழுவோம். எனவே இங்கே தமிழ்க்காதையும் தமிழ் நாக்கையும் வைத்தே ஒப்பிடுகிறேன். கிரேக்கம் என்று நான் சொல்வது இன்று ஏதென்ஸில் பேசப்படும் மொழி. சீனம் என்பது மாண்டரின். சீனச் சொல்லுக்குப் பின்னால் வரும் எண் அதன் தொனி எண்; தொனி என்பது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது அடையாளத்துக்கு மட்டும். அப்படியே உச்சரித்தால் என்ன கெடும் என்பதும் கீழே வரும்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்: "நேற்று மூன்று புத்தகம் வாங்கினேன்."

கிரேக்கத்தில்: ஹ்தெஸ் அகோரஸ த்ரியா விவ்லியா. சீனத்தில்: வோ-3 ஜுவோ-2 தியென்-1 மாய்-3 ல சான்-1 பென்-3 ஷு-1.

தமிழ் வாக்கியத்தில் "நான்" இல்லை. "-ஏன்" விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. கிரேக்கமும் அப்படித்தான்: "அகோரஸ" என்ற ஒற்றைச் சொல்லில் நான், இறந்தகாலம், வாங்கி முடித்தது மூன்றும் இருக்கின்றன. சீன வினையான "மாய்-3"க்கு விகுதியே கிடையாது. நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எல்லாவற்றுக்கும் "மாய்-3"தான். அதனால் "வோ" என்று ஆளையும் "ஜுவோ தியென்" என்று நாளையும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புத்தகத்தின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். பேச்சில் நாம் "மூணு புத்தகம்" என்று ஒருமையிலேயே விடுவதுபோல் சீனரும் விடுவார்கள். ஆனால் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் "பென்" என்ற அளவைச்சொல்லைச் செருகாவிட்டால் வாக்கியம் நொண்டும். இது நமக்குப் புதிதல்ல, "மூணு பேர்" என்கிறோமே, அந்தப் "பேர்" செய்வது இதே வேலைதான். கிரேக்கத்தில் புத்தகம் கட்டாயம் பன்மையாக வேண்டும். அது போதாதென்று "மூன்று"ம் பெயரின் பாலுக்கேற்ப மாறும்: புத்தகம் அஃறிணைப்பால் என்பதால் "த்ரியா", மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் என்றால் "த்ரிஸ்".

இந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டின் குணமும் தெரிந்துவிடும். கிரேக்கத்தின் சுமை சொல்லின் வாலில் இருக்கிறது. சீனத்தில் வால் இல்லை. சுமை ஒலியிலும் எழுத்திலும் இருக்கிறது.

ஒலியில் கிரேக்கம் தமிழருக்குக் கொடுக்கும் சலுகை எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இருக்காது. "அது" என்னும்போது அந்த "து" எப்படி மென்மையாக வழுகுகிறதோ அதுதான் கிரேக்க தெல்தா. "அகம்" என்பதன் நடுவில் வரும் "க" ஏறக்குறைய அவர்களுடைய காமா. இன்னும் சுவையானது மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம். கம்பு, பந்து, தங்கம் மூன்றிலும் வல்லினம் தானாகவே கனத்து ஒலிக்கிறது. கிரேக்கத்திலும் அதே விதி. "தொன்" என்பதோடு தந்தையைக் குறிக்கும் "பத்தேரா" சேர்ந்தால் வேகப்பேச்சில் "தொம்பத்தேரா", அந்த "ம்ப" நம் கம்பின் "ம்ப". பழைய கிரேக்கத்தில் இருந்த கன ஒலிகள் காலப்போக்கில் உரசொலிகளாகிவிட்டன. கணக்குப் பாடத்தில் நாம் படித்த பீட்டா இன்று ஏதென்ஸில் "வீத்தா". கன ஒலிகளை எழுத எழுத்தே இல்லாமல் போனதால் பீர் என்பதை "ம்ப்"பில் தொடங்கியும், தக்காளியை "ந்த்"தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். ஐரோப்பியருக்கு இது விசித்திரம். தமிழ் எழுத்து தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

நாம் கெடுப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, இரட்டிப்பு. கிரீஸ் நாட்டின் கிரேக்கப் பெயரில் இரண்டு "ல்" எழுதுவார்கள், ஆனால் ஒலிப்பது ஒன்றுதான்: "எலாத". தமிழர் கண் இரட்டை எழுத்தைப் பார்த்ததும் "எல்லாத" என்று அழுத்தும். கடலுக்கான "தாலஸா"வும் அப்படியே. (சைப்ரஸ் கிரேக்கத்தில் இரட்டிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது, அங்கே போனால் நம் பழக்கம் பொருந்தும்.) அதே சமயம் இரு உயிருக்கு நடுவே ஒற்றை "த", "க", "ப" வந்தால் நாம் மென்மையாக்கிவிடுவோம்; அங்கே தாவ் என்ற எழுத்து இரு உயிருக்கு நடுவே வந்தாலும் வல்லொலிதான். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் இந்த இரண்டு பிழைகளில் ஒன்று நிச்சயம். முதல் நாளிலிருந்து கிரேக்க எழுத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. கிரேக்கத்தில் "பொத்தெ" என்பதன் முதல் அசையை அழுத்தினால் "எப்போது?", இரண்டாம் அசையை அழுத்தினால் "ஒருபோதும் இல்லை". "எப்போது வருவாய்?" என்று கேட்க நினைத்தவர் வேறெதையோ சொல்லி நிற்பார். நல்லவேளை, 1982 சீர்திருத்தத்துக்குப் பின் ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள எல்லாச் சொல்லிலும் அழுத்தம் விழும் உயிரின்மேல் ஒரு கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டைச் சொல்லின் ஓர் எழுத்தாகவே எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டும்.

சீன ஒலிக்கு வருவோம். எல்லாரும் தொனியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதற்கு முன் தமிழருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது: மூச்சொலி. சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் "b" என்று எழுதியிருப்பது கன ஒலி அல்ல. "பல்" என்பதில் வரும் நம் சாதாரண "ப". "p" என்று எழுதியிருப்பது காற்றைத் தள்ளிச் சொல்லும் "ப்ஹ". முதலாவது நமக்கு இலவசம். இரண்டாவது தமிழில் இல்லவே இல்லை. "து-4 ஜ" என்றால் வயிறு. அதே "து"வைக் காற்றோடு சொன்னால் முயல். தொனி இரண்டுக்கும் ஒன்றுதான். காற்றைத் தள்ளாத தமிழர் முயல் வளர்க்கிறேன் என்பதை வயிறு வளர்க்கிறேன் என்றே சொல்வார். "பாவ்-3 ல" என்றால் வயிறு நிறைந்தது, மூச்சோடு சொன்னால் ஓடிப்போயிற்று. பழகும் முறை எளியது. ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். மூச்சொலிக்குக் காகிதம் துள்ள வேண்டும், மற்றதற்கு அசையக் கூடாது. ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் தொனி சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் ஏன் விழிக்கிறார் என்று புரியாது.

ஈடாக ஒரு பரிசும் உண்டு. மனிதருக்கான சொல்லைப் பின்யினில் "ரென்" என்று படிக்கத் தோன்றும். அது கிட்டத்தட்ட நம் "ழ": "ழன்-2". மற்ற நாட்டவர் எத்தனையோ விதமாக நாக்கைச் சுழற்றும் இந்த ஒலி, "வாழைப்பழம்" ஒழுங்காகச் சொல்பவருக்கு முதல் நாளே வரும். வாயழப்பளம் பேர்வழிகளுக்கு உத்தரவாதம் இல்லை.

தொனி நான்கு. முதலாவது மேலே சமமாக நிற்கும். தொண்டையைக் காட்டச் சொன்னால் "ஆ" என்று நீட்டுவதுபோல். இரண்டாவது ஏறும், காதில் விழாதபோது "ஆங்?" என்போமே, அது. நான்காவது வெட்டி இறங்கும், அதட்டும் "போ!". மூன்றாவதைப் பாடநூல்கள் இறங்கி ஏறும் வளைவாக வரைந்திருக்கும். தொடர்ந்து பேசும்போது பெரும்பாலும் அது ஏறுவதில்லை. தாழ்ந்து, அடித்தொண்டையிலேயே கிடக்கும். வளைவு முழுவதையும் ஒவ்வொரு சொல்லிலும் போட்டுக் காட்டுவதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை. அடுத்த பிழை, கேள்வி கேட்கும்போது வாக்கியக் கடைசியை உயர்த்துவது. "விற்பது" என்ற "மாய்-4" அப்போது பாதி ஏறி எந்தச் சொல்லும் இல்லாமல் போகும். "வாங்குவது" மாய்-3 என்பதை நினைத்தால் வியாபாரத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். கேள்விக்குக் குரலை உயர்த்தவே தேவையில்லை, கடைசியில் "மா" சேர்த்தால் போதும். "நி-3 லாய்-2 மா?" என்றால் "நீ வர்றியா?", நம் "-ஆ" இருக்கும் அதே இடம்.

தொனிகளுக்குள் புணர்ச்சியும் உண்டு. இரண்டு மூன்றாம் தொனி அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாவதாகிவிடும். "நி-3 ஹாவ்-3" என்று எழுதி "நி-2 ஹாவ்-3" என்று சொல்வார்கள். மறுக்கும் "பு-4", இன்னொரு நான்காம் தொனிக்கு முன் "பு-2". எனவே தனிச் சொல்லாகத் தொனி பழகுவது வீண். இரண்டிரண்டாகப் பழகுங்கள். நான்கு தொனி, அதன்பின் நான்கு தொனியும் தொனியற்ற அசையும்: மொத்தம் 20 இணைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்துக்கொண்டு, செல்பேசியில் பதிவுசெய்து, மூல ஒலியோடு ஒப்பிட்டால் ஒரு மாதத்தில் காது திறக்கும்.

எழுத்து. கிரேக்கத்தில் 24 எழுத்து, ஒரு வாரம். அதன்பின் எந்தப் பலகையையும் பொருள் தெரியாமலே சரியாக வாசிக்கலாம். தலைகீழாக வந்தால்தான் சிக்கல்: "இ" ஒலியை ஈத்தா, யோத்தா, இப்சிலோன், இரண்டு கூட்டெழுத்துகள் என்று ஐந்து விதத்தில் எழுதலாம். அமைதிக்கான "இரினி"யில் மூன்று "இ"; முதலாவது கூட்டெழுத்து, மற்ற இரண்டும் ஈத்தா. ஒரு காலத்தில் இவை வெவ்வேறு ஒலிகள். ஒலி கலந்துவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. ர, ற பேதம் வாயில் போய் ஏட்டில் மட்டும் இருப்பதை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சீன எழுத்தைப் "படங்கள்" என்று நினைத்துத் தொடங்குபவர்கள் பாதியில் விடுவார்கள். பெரும்பான்மை எழுத்துகள் பொருள் சொல்லும் ஒரு துண்டும் ஒலி சொல்லும் ஒரு துண்டும் சேர்ந்தவை. குதிரை "மா-3". குதிரையோடு பெண் சேர்ந்தால் அம்மா, "மா-1". குதிரையின் இடப்பக்கம் வாய் வைத்தால் மேலே பார்த்த கேள்வி "மா". தலைக்குமேல் இரண்டு வாய் வைத்தால் திட்டுவது, "மா-4". பூச்சி சேர்ந்தால் எறும்பைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து, கல் சேர்ந்தால் படகுத்துறைச் சொல்லின் முதல் எழுத்து, இரண்டும் "மா-3". ஐந்திலும் குதிரைக்கு வேலை "மா" என்று ஒலி காட்டுவது மட்டுமே. இந்தக் கண் திறந்துவிட்டால் ஆயிரம் எழுத்து என்பது ஆயிரம் படமாக இருக்காது. சில நூறு துண்டுகளின் சேர்க்கையாகிவிடும். எல்லா இடத்திலும் ஒலித்துண்டு உண்மை பேசாது, ஈராயிரம் ஆண்டில் உச்சரிப்பு விலகியிருக்கிறது. நதிக்கான "சியாங்-1" எழுத்தின் ஒலித்துண்டு இன்று தனியாக "குங்-1".

எத்தனை எழுத்து வேண்டும்? 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதியில் 47,000க்கு மேல். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சீன அரசின் 2013 பட்டியலில் 8,105, அதில் முதல் நிலை 3,500. அன்றாட உரையில் 2,500 எழுத்து ஏறத்தாழ 98 சதவீதத்தை மூடிவிடும். ஆனால் எழுத்து தெரிவது வேறு, சொல் தெரிவது வேறு. குதிரை தெரியும், "மேல்" தெரியும். "குதிரைமேல்" என்று சேர்த்தால் "உடனே" என்று பொருள். கிழக்கும் மேற்கும் சேர்ந்தால் "பொருள், சாமான்". ஆகவே எழுத்தைத் தனியாகப் படிக்காமல் குறைந்தது ஒரு சொல்லோடு படியுங்கள். நாளுக்கு ஐந்து எழுத்து, முந்தையவற்றை மீள்பார்வை செய்தபடி போனால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஏழு மாதம் பிடிக்கும். கோடுகளைப் போடும் வரிசை முக்கியம்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு முதலில், செங்கோடு பிறகு, பெட்டியின் உள்ளே நிரப்பி அடிக்கோட்டால் மூடுவது கடைசியில். வரிசை கையில் பதிந்தால்தான் வேகமாக எழுதிய கையெழுத்தைப் பார்த்து எந்தக் கோடு எதுவானது என்று ஊகிக்க முடியும்.

இலக்கணத்தில் சீனம் தமிழருக்கு வைத்திருக்கும் வசதி, பெயரெச்சம். "நான் வாங்கிய புத்தகம்" அங்கே "வோ மாய் த ஷு": நான், வாங்கு, "த", புத்தகம். நம் வரிசை அப்படியே. எவ்வளவு நீளமான தொடரானாலும் பெயருக்கு முன்னால் அடுக்கலாம். கிரேக்கத்தில் புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு, "பு" என்ற இணைப்புச்சொல் போட்டு, பின்னால் விளக்க வேண்டும்.

வசதியான இலக்கணத்தில் இருக்கும் ஒரே பெரிய பொறி "ல". இதை இறந்தகால விகுதி என்று நினைத்து எல்லா இடத்திலும் ஒட்டுவார்கள். அது காலம் காட்டுவதல்ல; செயல் முடிந்ததையோ நிலைமை மாறியதையோ காட்டுவது. "வாங்கிவிட்டேன்" என்பதில் உள்ள "விடு"வோடு சேர்த்து யோசித்தால் பாதி சரியாகிவிடும். "நேற்று வாங்கவில்லை" என்பதற்கு "மெய்-2 மாய்-3" மட்டும். அங்கே "ல" வைத்தால் பிழை, "வாங்கிவிடவில்லை" என்பதுபோல் இடறும்.

கிரேக்க இலக்கணத்தில்தான் உழைப்பு. மேசை அஃறிணைப்பால், கதவு பெண்பால், சுவர் ஆண்பால். சிறுமி என்ற சொல் அஃறிணைப்பால். திணை பார்த்துப் பால் பிரிக்கும் நமக்கு இது எரிச்சலூட்டும், காரணம் தேடாதீர்கள். பெயரை "ஓ, ஈ, தோ" என்ற அதன் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். "-ஒஸ்" என முடிந்தால் ஆண்பால் என்ற குறுக்கு வழி பெரும்பாலும் சரி. ஆனால் தெரு, வெளிவழி, செயல்முறை போன்ற பழைய சொற்கள் "-ஒஸ்" என முடிந்தும் பெண்பால். வேற்றுமை நான்குதான், எட்டு வேற்றுமை பார்த்தவர்களுக்கு அது பொருட்டல்ல. விளி வேற்றுமைகூட வீட்டுச் சங்கதி: கண்ணன் "கண்ணா" ஆவதுபோல் நீக்கோஸ் கூப்பிடும்போது "நீக்கோ".

வினைக்கு இரண்டு அடி. எழுதிக்கொண்டிருப்பதற்கு "க்ராஃப்-", எழுதி முடிப்பதற்கு "க்ராப்ஸ்-". எதிர்காலம் சொல்லும்போதும் இதில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இறந்தகாலத்தில் "எழுதினேன்" என்பது "எக்ராப்ஸ", "எழுதினோம்" என்பதோ "க்ராப்ஸமே". முன்னால் நின்ற "எ" எங்கே போயிற்று? இறந்தகாலத்தில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசைக்குப் போக விரும்பும். மூன்று அசை இல்லையென்றால் "எ" வந்து இடம் கொடுக்கும், இருந்தால் தேவையில்லை. இந்த ஒரு காரணம் தெரிந்தால் பாதி அட்டவணை மிச்சம். அடிக்கடி வரும் வினைகளோ ஒழுங்குக்கு அடங்காது: பார், சாப்பிடு, குடி, சொல், வா, போ. ஒவ்வொன்றையும் நிகழ்காலம், இறந்தகாலம், "நா" என்ற இணைப்புச்சொல்லுக்குப் பின் வரும் வடிவம் என்று மும்மூன்றாகப் படியுங்கள். "போக விரும்புகிறேன்" என்பதில் உள்ள "போக" போன்ற எச்சம் இன்றைய கிரேக்கத்தில் இல்லை. "தேலோ நா பாஓ" என்று இரண்டு வினையும் "நான்" விகுதி ஏற்கும்.

உறவுமுறையில் தமிழர் சீனத்தில் வீட்டுக்கு வந்தமாதிரி உணர்வார். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் தனித்தனிச் சொல். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை எல்லாம் தனித்தனி. ஒன்றுவிட்டவர்களில் மட்டும் கவனம். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் ஒரு வகை, மற்ற எல்லாரும் இன்னொரு வகை. நாம் அண்ணன் தம்பியாகக் கருதும் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் அங்கே மாமன் பிள்ளைகளோடு ஒரே வகையில் சேர்ந்துவிடுவார்கள். கிரேக்கத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா அனைவரும் "தியோஸ்".

தொடங்குமுன் பழையதா புதியதா என்று முடிவுசெய்யுங்கள். முசிறி வணிகத்துக்கான கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாபிரஸில் வியன்னாவில் இருக்கிறது. அது கொய்னே எனப்படும் பழைய பொதுவழக்குக் கிரேக்கம். இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டில் தமிழ், பாரசீகத்தோடு இருப்பது பழஞ்சீனம். இன்றைய பேச்சுமொழியை மட்டும் படித்தவரால் இரண்டையும் நேராக வாசிக்க முடியாது. கிரேக்கர் தங்கள் செந்நடையான கத்தாரேவுசாவை 1976இல் அரசுப் பயன்பாட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள், சீனர் 1920களிலேயே பேச்சுநடைக்கு மாறிவிட்டார்கள். பாடநூல் வாங்கும்போது அட்டையில் பண்டையதா நவீனமா என்று பாருங்கள். அச்சில் எழுத்து ஒன்றுபோலத்தான் தெரியும்.

என் பரிந்துரை இது. ஒரு நாளில் அரை மணி நேரம்தான் கிடைக்கும், ஆனால் தினமும் கிடைக்கும் என்றால் சீனம். அதன் சுமை சிறு சிறு துண்டாகப் பிரியக்கூடியது, விட்டால் மறப்பதும் அதுதான். வார இறுதியில் மட்டும் மூன்று மணி நேரம் உட்கார முடியும் என்றால் கிரேக்கம். அட்டவணைகளுக்குத் தொடர்ந்த உட்காரல் வேண்டும், எழுத்து ஒரு தடவை வந்தால் போகாது. சீனம் எடுத்தால் முதல் நான்கு வாரம் மூச்சொலி, 20 இணைகள், 30 எழுத்துக்கு மேல் வேண்டாம். கிரேக்கம் எடுத்தால் முதல் வாரம் எழுத்து, அடுத்த மூன்று வாரம் முன்சொல்லோடு 150 பெயர், பத்து வினை. இன்னொன்று: கிரேக்கத்தில் "நே" என்றால் ஆம். இந்தியில் "நஹீ" கேட்டுப் பழகிய காது அதை மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்பதற்கு "ஓஹி", அல்லது வாய் திறக்காமல் தலையை ஒருமுறை மேலே தூக்குவார்கள்.